விண்டி ஆப்: அம்புக்குறியைத் தலைகீழாகப் படித்த ஒரு பாம்பன்காரியின் மதிப்புரை

என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வானிலை படித்தவள் இல்லை. பாம்பனில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். டீ, பிஸ்கட், மெழுகுவர்த்தி, ரீசார்ஜ். வீட்டுக்காரருக்கு ஒரு வத்தை, அதாவது சின்ன நாட்டுப் படகு, இருக்கிறது. அவர் கடலுக்குப் போவார், நான் கரையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது, காற்றும் மழையும் எப்படி வரும் என்று காட்டும் இந்த விண்டி ஆப்பை அக்கா மகன் என் போனில் ஏற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு வாடைக்காலமும், ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும், ராத்திரி படுக்கும்முன் கடைசியாகவும் காலையில் முதலாகவும் நான் பார்ப்பது இதைத்தான். இதில் 18,000 ரூபாய் நஷ்டமும் பட்டிருக்கிறேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். தப்பு ஆப்பின் மேல் இல்லை.

காசு விஷயம் முதலில். ஆப் இலவசம். பிரீமியம் என்று ஒன்று இருக்கிறது, நான் வாங்கவில்லை. இலவசத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு படி என்று நகரும், காசு கட்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு படி. புயல் நம்மை நெருங்கும் கடைசி நாளில் அந்த வித்தியாசம் உதவும் என்கிறார்கள். அந்தக் கடைசி நாளில் எங்கள் பக்கம் கரண்டும் இருக்காது, டவரும் இருக்காது. கட்டிய காசை யாரிடம் போய்க் கேட்பது?

இதை ஆரம்பித்தவர் செக் நாட்டுக்காரர், 2014-ல். கடலே இல்லாத நாடு. அவருக்குப் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் விளையாட்டில் பைத்தியமாம், அதற்குக் காற்று பார்க்கத்தான் தொடங்கியிருக்கிறார். எங்கள் தீவின் தென்கரையிலும் அப்படிப் பட்டம் விட்டுச் சறுக்குகிறவர்கள் வருகிறார்கள். காற்று அடித்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம், எங்களுக்கு அடுப்பு எரியாது. ஒரே ஆப் இரண்டு பேருக்கும் வேலை செய்கிறது.

திறந்ததும் படம் வரும். காற்று கோடு கோடாக ஓடிக்கொண்டிருக்கும். நீலம், பச்சை என்றால் கவலை இல்லை. ஆரஞ்சு, சிவப்பு, கத்தரிப்பூ நிறம் என்று ஏற ஏற வயிற்றைக் கலக்கும். வேண்டிய இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு குச்சி நட்டு, அங்கே காற்று எவ்வளவு, எந்தப் பக்கம் என்று காட்டும். கீழே உள்ள பட்டியை நகர்த்தினால் நாளை, நாளை மறுநாள் என்று நேரம் ஓடும். வேகம் முதலில் நாட்டிக்கல் கணக்கில் வந்தது. எனக்கு விளங்கவில்லை. அந்த எழுத்தின் மேல் தட்டினால் கிலோமீட்டருக்கு மாறிவிடும் என்று தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. நீங்கள் இன்றே மாற்றிவிடுங்கள். ஏனென்றால் நமக்குக் காதில் விழும் கணக்கெல்லாம் கிலோமீட்டர்தான். மணிக்கு 31-லிருந்து 49 வரை தாழ்வு மண்டலம், 50-லிருந்து 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 வந்தால் புயல், பெயர் வைப்பார்கள். 89-ல் தீவிரப் புயல், 118-ல் அதிதீவிரம். இந்த நாலைந்து எண்ணையும் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். டீ குடிக்க வருகிறவர்களுக்கு அது ஒரு பேச்சு.

ஆனால் வேகத்துக்காக மட்டும் இந்த ஆப்பை வாங்குகிறவர்கள் பாதியைத்தான் வாங்குகிறார்கள் என்பேன். எங்களுக்கு முக்கியம் திசை. எங்கள் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் ஜலசந்தி, நாங்கள் வடகடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். வாடைக்காலத்தில் வடகடல் பொங்கும், தென்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கச்சான் என்கிற மேல்காற்று காலத்தில் அப்படியே மாறும். அதனால் வாடை பிறந்ததும் எங்கள் ஆட்கள் வத்தையைப் பாலத்துக்கு அடியில் கொண்டு வந்து தென்கரையில் தெற்குவாடிப் பக்கம் கட்டுவார்கள். எல்லா வருஷமும் நடப்பதுதான், யாரும் யோசிப்பதில்லை. சிக்கல், புயல் வரும்போது. புயல் காற்று ஒரே பக்கமிருந்து அடிக்காது. நடுக்கண் நகர நகரக் காற்றும் திரும்பும். எந்தக் கரை பத்திரம் என்பது சாயங்காலம் ஒன்று, விடியற்காலம் ஒன்று.

இப்போது அந்த 18,000 ரூபாய்.

புரெவி 2020 டிசம்பர் 2 ராத்திரி திரிகோணமலைக்கு வடக்கே இலங்கையில் கரை ஏறியது. அங்கே குறுக்கே வந்து மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கியது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே 4-ம் தேதி விடியற்காலையில் கடக்கும் என்று செய்தி. வீட்டுக்காரர் வத்தையில் இருந்த வலையையும் மெஷினையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டார். வத்தை தெற்குவாடியில் இரண்டு நங்கூரத்தில் நின்றது. கரைக்கு ஏற்றுவதென்றால் பத்து ஆள் தோள் கொடுக்க வேண்டும். எல்லாரும் அவரவர் வீட்டுக் கூரைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

நான் புது ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வாடை. பட்டியை நகர்த்தினால், ராத்திரிக்கு அம்பு வடக்கே காட்டியது. வடக்குக் காற்றுதான் தொடர்கிறது என்று படித்தேன். "ஏங்க, ராவுக்கும் வாடைதான் காட்டுது. தெக்குவாடியிலயே கெடக்கட்டும்" என்றேன். பெரிய விஞ்ஞானி மாதிரி.

மாமியார் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். "தென்கடல் இரையுது. காது கேக்கலையா ஒனக்கு?" என்றார்.

"மாமி, போன்ல அப்பிடிப் போடலியே."

"போனுக்குக் காது இருக்கா?"

அம்பு காட்டுவது காற்று போகும் பக்கத்தை. வரும் பக்கத்தை இல்லை. வடக்கே மூக்கு நீட்டிய அம்பு என்றால் காற்று தெற்கிலிருந்து வருகிறது, அதாவது சோழகம். நான் நேர்மாறாகப் படித்திருக்கிறேன். ராத்திரி காற்று வாடையிலிருந்து கொண்டலுக்கு, அதாவது கிழக்குக் காற்றுக்குத் திரும்பி, பிறகு தெற்குக் காற்றாக நின்றது. கடக்க வேண்டிய புயலோ கடக்கவே இல்லை. வலுவிழந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, ராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிக் கிட்டத்தட்ட ஒரு நாள் அசையாமல் குந்திவிட்டது. அது எங்களுக்கு மேற்கே குந்தியிருந்த நேரமெல்லாம் தென்கடல் அலை தெற்குவாடியில் மோதிக்கொண்டே இருந்தது. எங்கள் வத்தையும் பக்கத்து வத்தையும் இடித்துக்கொண்டு, முன்பக்கத்து அணியத்துப் பலகை இரண்டு பிளந்தது. அதற்குத்தான் 18,000. பக்கத்து வத்தைக்காரர் பெரிய மனதுக்காரர், சண்டைக்கு வரவில்லை. மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது சண்டையைவிட மோசமாக இருந்தது.

ஆக, இந்த ஆப்பைப் பற்றி நான் சொல்லும் முதல் குறிப்பு: அம்பைப் பார்க்காதீர்கள், ஓடும் கோடுகளைப் பாருங்கள். கோடு எங்கிருந்து வந்து நம் ஊரைத் தொடுகிறதோ அதுதான் காற்று வரும் பக்கம். அதில் குழப்பமே வராது.

இரண்டாவது குறிப்பு மாடல், அதாவது வானிலையைக் கணக்குப் போடும் முறை, பற்றியது. கீழே சின்ன எழுத்தில் சில பெயர்கள் இருக்கும். ஈ.சி.எம்.டபிள்யூ.எஃப் என்பது ஐரோப்பியக் கணக்கு. ஜி.எஃப்.எஸ் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐகான் என்பது ஜெர்மன். ஒரே ஆப், ஒரே நாள், ஒரே ஊர், ஆனால் மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும். எனக்கு முதலில் இது ஏமாற்று வேலை போலத் தோன்றியது. இப்போது இதுதான் ஆப்பின் நல்ல குணம் என்று நினைக்கிறேன். மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் கயிறு எடுக்க ஆரம்பிப்பேன். ஆளுக்கு ஒரு பக்கம் காட்டினால் அவர்களுக்கே தெரியவில்லை என்று அர்த்தம், நான் வடை போடப் போய்விடுவேன்.

வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வருஷா வருஷம் நவம்பரில் யாராவது ஒருவர், பத்து நாள் கழித்து ராமேஸ்வரத்தின் மேல் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சக்கரம் சுழல்வதைப் படம் பிடித்து அனுப்புவார். "பகிருங்கள், உயிர் காப்போம்." அன்று என் கடையில் மெழுகுவர்த்தி தீர்ந்துவிடும். வியாபாரிக்கு நல்லதுதான், ஆனாலும் சொல்கிறேன்: பத்து நாள் தள்ளிப் போடும் படத்தை நம்பாதீர்கள். முக்கால்வாசி சக்கரம் மறுநாள் பார்த்தால் இருக்காது. ஒன்று ஒடிசா பக்கம் போயிருக்கும், இல்லை கரைந்தே போயிருக்கும். நான் ஐந்து நாளுக்கு மேல் பட்டியை நகர்த்துவதில்லை. மூன்று நாளுக்குள் வந்ததைத்தான் வீட்டில் வாய் திறந்து சொல்கிறேன். வானிலை ஆய்வு மையமும் புயல் வரும் கரைக்கு 72 மணி நேரத்துக்கு முன்னால்தான் முதல் எச்சரிக்கையைத் தொடங்குகிறது. அவர்களிடம் இல்லாத கருவியா நம்மிடம் இருக்கிறது?

இன்னொன்று. ஐரோப்பியக் கணக்கு பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் போட்டுப் பார்க்கிறது. அமெரிக்கக் கணக்கின் கட்டம் 22 கிலோமீட்டர். பாம்பன் கால்வாயே 2 கிலோமீட்டர்தான். எங்கள் ஊரின் வடகரை, தென்கரை, பாலம், என் பெட்டிக்கடை, சர்ச், எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆகையால் தெருவில் விரலை வைத்து "இங்க 54, அங்க 55" என்று கடைக்கு வரும் பையன்கள் சண்டை போடுவதைப் பார்த்தால் சிரிப்பாக வரும்.

மழைக்கு இதை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு 2024 நவம்பர் 20 ஞாபகம் இருக்கட்டும். புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. ராமேஸ்வரத்தில் அந்த ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அதில் பெரும்பகுதி மதியத்தை ஒட்டிய சில மணி நேரத்தில். தங்கச்சிமடம், பாம்பன் எல்லாம் முழங்கால் தண்ணீர். முந்தின ராத்திரி நான் பார்த்த படத்தில் சாதாரண மழைதான் இருந்தது. மேகம் ஒரே இடத்தில் வெடித்துக் கொட்டுவதை எந்த ஆப்பும் முந்தின நாளே பிடித்துவிடாது என்று அக்கா மகன் விளக்கினான். அன்றைக்கு மாதிரி நேரத்தில் பார்க்க வேண்டியது காரைக்கால் ரேடார் படம். வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை புதுப்படம் வரும். மேகம் எங்கே இருக்கிறது என்பதை ரேடார் நேரில் பார்த்துச் சொல்கிறது, விண்டி கணக்குப் போட்டுச் சொல்கிறது. இரண்டும் வேறு.

இனிப் புயல் எச்சரிக்கைக் கூண்டு. பாம்பன்காரி ஒருத்தி புயல் ஆப்புக்கு மதிப்புரை எழுதிவிட்டுக் கூண்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஊரில் தலை காட்ட முடியாது.

துறைமுகக் கம்பத்தில் ஏற்றுவார்கள். பகலில் உருளையும் கூம்பும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்கு. டிவியில் "பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு" என்று ஓடும். டிவிக்காரர்களும் சரி, ஊர்க்காரர்களும் சரி, எண் கூடினால் ஆபத்தும் அதே அளவு கூடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாதிதான் சரி. ஒன்று, தூரத்தில் தாழ்வு மண்டலம். இரண்டு, தூரத்தில் புயல். மூன்று, நான்கு, நம் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. ஐந்து, ஆறு, ஏழு மூன்றுக்கும் ஆபத்து ஒரே தரம்தான். வித்தியாசம் பக்கத்தில். புயல் துறைமுகத்தைத் தனக்கு இடப்பக்கம் விட்டுப் போகும் என்றால் ஐந்து. வலப்பக்கம் விட்டுப் போகும் என்றால் ஆறு. நேராக நம் மேலேயோ மிக அருகிலோ வரும் என்றால் ஏழு. எட்டு, ஒன்பது, பத்தும் இதே வரிசைதான், ஆனால் தீவிரப் புயலுக்கு.

இதை நான் தெரிந்துகொண்டது புரெவிக்கு மறுவருஷம். தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். நான் ராத்திரி முழுக்கப் போனில் தேடிய விஷயம் அந்தக் கம்பத்தில் பல காலமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது! நம் பக்கத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அது நமக்குத் தெற்கே மேற்கு நோக்கிப் போனால் நாம் அதற்கு வலப்பக்கம். காற்று வாடையில் தொடங்கி, கொண்டலாகி, சோழகமாக முடியும். தென்கரையை நம்பக் கூடாது. புரெவி அப்படித்தான் போயிற்று. புயல் நமக்குக் கிழக்கே வடக்கு நோக்கி ஏறினால் நாம் இடப்பக்கம். வாடையில் தொடங்கிய காற்று மேற்கே திரும்பிக் கச்சான் மாதிரி முடியும். தென்கரைக்கு அவ்வளவு மோசமில்லை. இது எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் கரை எப்படி வளைந்திருக்கிறது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னபோது வீட்டுக்காரர், "எங்க அப்பா அஞ்சு, ஆறுன்னு கேட்டுட்டுத்தான் வத்தையை நகத்துவாரு, ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாரு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்னவாம்?

கூண்டில் பதினொன்று என்று ஒரு எண்ணும் உண்டு. பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துபோயிற்று, ஆனால் நிலைமை மோசம் என்று இங்கிருக்கும் அதிகாரி நினைக்கிறார் என்றால் அதை ஏற்ற வேண்டும். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்பதற்கே ஒரு கூண்டு! விண்டியில் இல்லாத ஒரே வசதி இதுதான். டவர் போன பிறகு போனைத் திறந்தால், சில சமயம் கடைசியாக வந்த படம் அப்படியே நிற்கும். அது ஆறு மணி நேரத்துக்கு முந்தினது என்று பதற்றத்தில் இருக்கிறவளுக்கு உறைக்காது. இது இன்டர்நெட்டில் ஓடும் எல்லா ஆப்புக்கும் உள்ளதுதான்.

மாமியாருக்கு 1964-ல் எட்டு வயது, இதே பாம்பனில். டிசம்பர் 22 ராத்திரி. வவுனியா பக்கம் இலங்கையைக் கடந்து வந்த புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாசஞ்சர் ரயில், வண்டி எண் 653, நள்ளிரவை ஒட்டி 11.55-க்குக் கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் செத்துப் போயிருந்தது. ஓட்டுநர் காத்துப் பார்த்தார், பிறகு நீளமாக விசில் ஊதிவிட்டு எடுத்தார். அலை வண்டியை அப்படியே கொண்டு போயிற்று. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், ஒருவர்கூட மிஞ்சவில்லை. தனுஷ்கோடியும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் தூண்களுக்கு மேலே இருந்ததில் பெரும்பகுதியைக் கடல் பிய்த்துப் போட்டது, 46 நாளில் சரிசெய்தார்கள். மாமியார் அந்தக் கதையைச் சொல்லும்போது அழமாட்டார், அலையின் உயரமும் சொல்ல மாட்டார். "அந்தச் செகப்பு விளக்காவது எரிஞ்சிருந்தா நின்னிருப்பான். விளக்கே இல்ல. அதான் போயிட்டான்" என்பார். எனக்குப் பதினொன்றாம் எண் கூண்டு என்றதும் அந்த ரயில்தான் ஞாபகம் வருகிறது.

அதனால் டவர் போன பிறகும் வேலை செய்கிற இரண்டு விஷயங்களை வீட்டில் வைத்திருக்கிறோம். ஒன்று, பேட்டரி போட்ட சின்ன ரேடியோ. பாம்பனிலிருந்தே ஒலிபரப்பாகும் கடல் ஓசை, 90.4 எஃப்.எம்., மீனவர்களுக்காகவே நடக்கும் சமுதாய வானொலி. காற்று, அலை பற்றி நம் பேச்சிலேயே சொல்வார்கள். "தென்கடல்", "வடகடல்" என்று அந்தப் பெயரிலேயே சொல்கிற ஒன்றை எந்த வெளிநாட்டு ஆப்பில் கேட்பீர்கள்? வானம் தெளிவாக இருந்தால் இலங்கைத் தமிழ் வானொலிகளும் கணீரென்று கேட்கும். புயல் நமக்கு முன்னால் அவர்களைத்தான் தொடுகிறது. அங்கே யாழ்ப்பாணத்தில், மன்னாரில் என்ன நடக்கிறது என்று கேட்டால் அடுத்த ஆறு மணி நேரம் நமக்கு எப்படி இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும்.

இரண்டாவது, சார்ஜ் லைட். பெயர் வேண்டாம். "எட்டு மணி நேரம் எரியும்" என்று பெட்டியில் போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். ஒன்றரை மணி நேரத்தில் மங்கிவிட்டது. கடைக்காரர் "புயல் காத்துல அப்படித்தாங்க்கா" என்றார். புயல் காற்றுக்கும் வீட்டுக்குள் இருக்கும் லைட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் புரியவில்லை. மண்ணெண்ணெய் அரிக்கேன் விளக்கு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிவிட்டோம்.

ஆப்பைப் பார்த்து நான் செய்யும் மற்ற வேலைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது ஒரு நோய். மூன்று நாள் இருக்கும்போது தென்னையில் காய், காய்ந்த மட்டை எல்லாம் இறக்கிவிட வேண்டும், காற்றில் ஒரு மட்டை தகரக் கூரையைக் கிழிக்கப் போதும். இரண்டு நாளில் சிலிண்டர், அரிசி, பால் பவுடர். எங்களுக்கு எல்லாம் பாலம் தாண்டி வர வேண்டும். லாரி நின்றால் தீவில் முதலில் தீர்வது பால், அப்புறம் பெட்ரோல். சிண்டெக்ஸை நிரப்பிவிடுவேன், காலியாக இருந்தால் தொட்டியே பறக்கும். ஒரு நாள் இருக்கும்போது ரேஷன் கார்டு, ஆதார், படகுப் பதிவுப் புத்தகம், நகை அடகுச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போய்விடும். அடகுச் சீட்டை விட்டுவிடாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐ மாமியாரின் பட்டன் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன். கடலுக்குப் போக மீன்துறை கொடுக்கும் அனுமதி டோக்கனை நிறுத்திவிட்டால் அதற்கு மேல் ஆப்பில் என்ன காட்டினாலும் கடலுக்குக் கிடையாது, அதில் வாதமே இல்லை.

பழைய ரயில் பாலம் ஓடிய காலத்தில் எங்களுக்கு இன்னொரு அளவுகோலும் இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்துச் சிக்னல் தானே சிவப்பாகிவிடும், ரயில் மண்டபத்தில் நிற்கும். "ரயில் வரல" என்றால் பிள்ளைகளுக்குக்கூட விளங்கும். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். அதிலும் காற்றளக்கும் கருவி இருக்கிறது. ஆனாலும் பழைய பாலத்தைப் பார்த்துக் காற்றை அளந்த பழக்கம் எங்கள் கண்ணில் இருந்து போக நாளாகும்.

கடைசியாக டிட்வா புயல். 2025 நவம்பர் கடைசி வாரம். இலங்கையை அது என்ன பாடு படுத்தியது என்று எல்லாருக்கும் தெரியும், 600-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். ரேடியோவில் மண்சரிவு, மண்சரிவு என்று கேட்டுக்கொண்டே நாங்கள் இங்கே கயிறு கட்டினோம். கை வேலை செய்தது, மனசு அங்கே இருந்தது. பாதிப் பேருக்கு அங்கே சொந்தம் இருக்கிறது.

ஆப்பைத் திறந்தேன். இந்தத் தடவை அம்பைப் பார்க்கவே இல்லை, கோடுகளைப் பார்த்தேன். மூன்று மாடலும் இலங்கையின் கிழக்குப் பக்கமாக ஏறி, யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து, நம் கரையை ஒட்டிச் சென்னைப் பக்கம் போகும் என்று ஒரே குரலில் காட்டின. நமக்குக் கிழக்கே, வடக்கு நோக்கி. அப்படியென்றால் நாம் இடப்பக்கம். வாடையில் தொடங்கி மேற்கே திரும்ப வேண்டும். "வத்தை தெக்குவாடியிலயே கெடக்கட்டுங்க" என்றேன். 2020-ல் சொன்ன அதே வார்த்தை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு திண்ணையைப் பார்த்தார்.

மாமியார் கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "தென்கடல் சத்தமில்ல" என்றார். அதோடு போய்ப் படுத்துவிட்டார்.

காற்று பலமாக அடித்தது, மழை கொட்டியது, கரண்ட் போனது, முருங்கை முறிந்து கோழிக்கூட்டின் மேல் விழுந்தது. ஆனால் காற்று அந்தப் படத்தில் போட்ட மாதிரியே வடக்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பியது. வத்தை நின்ற இடத்தில் நின்றது.

அதனால் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைப் பதினொன்றாம் எண் கூண்டுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். படம் பழசாகிவிட்டால், டவர் இல்லையென்றால், திரை முழுக்கச் சிவப்பாகி "எனக்குத் தெரியவில்லை" என்று அது கத்த வேண்டும். அப்படி ஒரு வசதி வைத்தால் அந்த நட்சத்திரத்தையும் தருகிறேன்.

மண்டபம், தொண்டி, இல்லை நெடுந்தீவுப் பக்கம் யாராவது பிரீமியம் வாங்கியிருந்தால், டவர் இல்லாத நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். கோழிக்கூடு செய்யத் தெரிந்த ஆசாரி பாம்பனில் இருந்தாலும் சொல்லுங்கள்.